ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஏ.எம்.இ. லைசென்ஸ் வரை: எதற்கு அடுத்து எது

உச்சிப்புளிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் காக்கா சத்தம் மாதிரி. ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் அங்கே இருப்பதால் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தே வளர்கிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் "ஏரோ படிக்கணும்" என்று கிளம்புகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். இப்போது விமானப் பராமரிப்புப் பொறியாளர் (ஏ.எம்.இ.) லைசென்ஸோடு வேலையில் இருக்கிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் யாராவது ஒரு பையனோ பெண்ணோ, அப்பா அம்மாவோடு, கல்லூரி விளம்பரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். சங்கடம் என்னவென்றால், பெரும்பாலும் முன்பணம் கட்டிய பிறகுதான் வருகிறார்கள்.

இந்தப் படிப்பில் மூளை போதாமல் நின்றுபோனவர்களைவிட, வரிசை தப்பி நின்றுபோனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் வரிசையாகவே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமைதான் இங்கே கடைசிப் படி. எந்தக் கட்டத்தில் குழம்பினாலும், "இது அந்தக் கையெழுத்துக்கு என்னைப் பக்கத்தில் கொண்டுபோகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

1. "ஏரோ" என்ற பெயரில் இருக்கும் மூன்று படிப்புகளைப் பிரியுங்கள்

முதலாவது, பி.இ. ஏரோநாட்டிக்கல். விமானத்தை வடிவமைப்பதும் கணக்கிடுவதும் அதன் வேலை. கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் படித்தது இந்த வழிதான். ராமேஸ்வரம் பக்கம் விமானம் என்றாலே அவர் பெயர் வந்துவிடும். அதை வைத்தே "கலாம் ஐயா படிச்ச படிப்பு" என்று ஏ.எம்.இ. சீட்டு விற்கிற தரகர்களையும் பார்த்திருக்கிறேன். பி.இ. பட்டம் நல்ல பட்டம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது.

இரண்டாவது, ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர். மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், எல்லோரும் சொல்கிறபடி டி.ஜி.சி.ஏ., சி.ஏ.ஆர். 66 என்ற விதியின்கீழ் கொடுக்கும் லைசென்ஸ் இது. பட்டம் கிடையாது. டிரைவிங் லைசென்ஸை ஓட்டுநர் பள்ளி கொடுப்பதில்லை அல்லவா, அதேபோல இதையும் கல்லூரி கொடுப்பதில்லை.

மூன்றாவது, "விமானப் பராமரிப்பு" என்று பெயர் வைத்த டிப்ளமோக்களும் சான்றிதழ்களும். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இல்லாத இடத்தில் இவற்றைப் படித்தால் உதவியாள் வேலை கிடைக்கலாம், லைசென்ஸுக்கான கணக்கில் அந்தக் காலம் அங்கீகாரப் படிப்பாகச் சேராது. ஏமாறுவது இங்கேதான்.

"பக்கத்திலேயே பருந்து இருக்கே, அங்கே டிரெய்னிங் கிடைக்காதா அண்ணே?" என்று கேட்பார்கள். அது படைத்தளம். அங்கே ஹெலிகாப்டரைப் பராமரிப்பவர்கள் கடற்படையின் சொந்த ஆட்கள். அந்த வேலை வேண்டும் என்றால் படையில் சேரும் தேர்வு எழுத வேண்டும். அது தனிப் பாதை.

2. விண்ணப்பத்துக்கு முன்னால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்

குரூப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இந்த மூன்றும் இருப்பதால் பிரச்சினை இல்லை. கணக்கு இல்லாத அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவர்கள் என்ஜினீயரிங் டிப்ளமோவோடு வரலாம்.

கண். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. நிறக்குருடுதான் கேள்வி. விமானத்தில் வயர், குழாய், எச்சரிக்கை விளக்கு என்று பல இடங்களில் நிறத்தை வைத்துத்தான் வேலை. புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய இஷிஹாரா அட்டைகளைக் காட்டி ஐந்து நிமிடத்தில் கண் மருத்துவர் சொல்லிவிடுவார். ராமநாதபுரத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். சேர்ந்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்து, கட்டிய பணத்துக்காக நடையாய் நடந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கே பெரிய தொல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "மு. செல்வம்" மாதிரி ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால். தேர்வுப் பதிவு, லைசென்ஸ் விண்ணப்பம், விமான நிலைய நுழைவு அட்டை என்று ஒவ்வொன்றிலும் இது முட்டும். என்னுடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் ஒரு தேர்வு வாய்ப்பே கைவிட்டுப் போனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். பிளஸ் டூ படிக்கும்போதே செய்துவிட்டால் அவசரம் இருக்காது.

3. பி1-ஆ, பி2-ஆ என்று முடிவுசெய்யுங்கள்

பி1, பி2 என்பவை லைசென்ஸின் பிரிவுகள். பி1 என்றால் எஞ்சின், உடற்பகுதி, சக்கரம், ஹைட்ராலிக்ஸ், மின்சாரம் எல்லாம் சேர்ந்த மெக்கானிக்கல் பக்கம். அதில் பி1.1 டர்பைன் விமானம், பி1.2 பிஸ்டன் விமானம், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர், பி1.4 பிஸ்டன் ஹெலிகாப்டர். பி2 என்றால் ஏவியானிக்ஸ். ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், ஆட்டோபைலட், வயரிங்.

கையில் கிரீஸ் படுவதை ரசிப்பவர் பி1.1 எடுக்கலாம். சர்க்யூட் படம் பார்த்துப் பழுதைத் துரத்துவதில் பொறுமை உள்ளவர் பி2. நம் பக்கத்துப் பிள்ளைகள் ஹெலிகாப்டரையே பார்த்து வளர்ந்ததால் பி1.3 கேட்கிறார்கள். நாட்டில் சிவில் ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கை குறைவு, வேலை இடங்களும் அந்த அளவுக்குத்தான். ஆசை என்றால் எடுங்கள், கணக்குத் தெரிந்து எடுங்கள்.

4. கல்லூரியின் அங்கீகாரத்தை நீங்களே படித்துப் பாருங்கள்

இந்த ஒரு படியில் மூன்று நாள் செலவழித்தாலும் தப்பில்லை.

பயிற்சி நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் அங்கீகாரம் சி.ஏ.ஆர். 147 என்ற விதியின்கீழ் வரும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை டி.ஜி.சி.ஏ. தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. கல்லூரி அனுப்பிய நகலை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பட்டியலைத் திறங்கள்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது. முதலில் முகவரி. சென்னையில் ஒரு வளாகத்துக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி வேறு ஊரில் கிளை நடத்தினால் அந்தக் கிளைக்கு அது பொருந்தாது. அடுத்து பிரிவு. பி1.1-க்கு மட்டும் அங்கீகாரம் இருக்கும் இடத்தில் பி2 சேர்ப்பார்கள், "வந்துக்கிட்டே இருக்கு" என்பார்கள். வந்த பிறகு சேரலாம். கடைசியாக, எந்தத் தேதி வரை செல்லும் என்பது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சி.ஏ.ஆர். 66-ன்படி பி1.1, பி2 லைசென்ஸுக்கு, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவருக்கு 2 ஆண்டு நடைமுறை அனுபவம் போதும். தொழில்நுட்பப் பயிற்சியே இல்லாமல் வருகிறவருக்கு 5 ஆண்டு. ஆக, அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் கட்டணம் போனதோடு நிற்காது, வயதிலும் மூன்று வருடம் போய்விடும்.

அங்கீகாரம் சரியாக இருந்தால் அப்புறம் நேரில் போங்கள். ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், விமானம் நிற்கிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், நின்றுகொண்டு போட்டோவும் எடுப்பார்கள். நீங்கள் டூல் அறைக்குப் போங்கள். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் நிழல் வரைந்து மாட்டியிருக்கிறதா? எந்தக் கருவி யார் கையில் என்று பதிவேடு இருக்கிறதா? அந்தப் பதிவேட்டில் நேற்றைய தேதி இருக்கிறதா? நேற்றுப் பதிவு இல்லை என்றால் நேற்றுச் செய்முறை வகுப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாம் ஆண்டு மாணவரைத் தனியாகக் கூப்பிட்டு "இந்த வருசம் எத்தனை மாட்யூல் பாஸ் பண்ணீங்க தம்பி?" என்று கேளுங்கள் (மாட்யூல் என்பது டி.ஜி.சி.ஏ. தேர்வின் ஒரு தாள்). அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும்.

"நூறு சதவீத வேலை" என்று எழுதித் தரும் இடத்தில் என்ன வேலை என்று கேளுங்கள். பெட்டி தூக்கும் வேலையும் விமான நிலையத்தில்தான் இருக்கிறது.

5. பணத்தைக் கடல் காலண்டரோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

இது மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத சிக்கல். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக் குடும்பத்தில் வருமானம் நிற்கும் அதே நாட்களில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது, கல்லூரி முன்பணம் கேட்கிறது. அப்போது வட்டிக்கு வாங்குகிறார்கள், நகையை வைக்கிறார்கள். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் பிப்ரவரி, மார்ச்சிலேயே வங்கிக்குப் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துவிட வேண்டும்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த விமானப் படிப்புகளும் உண்டு. மேலாளர் முதலில் கேட்பதே அங்கீகாரக் கடிதத்தைத்தான், நாலாவது படியில் பார்த்தது இங்கே கைகொடுக்கும். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தொகை அதைத் தாண்டினால் நிபந்தனைகள் மாறும்.

பெரும்பாலோர் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. படிப்புக் காலமும் அதற்குமேல் ஓர் ஆண்டும் கழித்துத் தவணை தொடங்கும். லைசென்ஸுக்கான அனுபவமோ 2 ஆண்டு. அதாவது நீங்கள் இன்னும் பயிற்சியாளராக, சிறு உதவித்தொகையில் இருக்கும்போதே தவணை வந்து நிற்கும். முதல் தவணையிலிருந்து லைசென்ஸ் கைக்கு வரும் வரையான மாதங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு வெளியே தேர்வுக் கட்டணம், டூல் பெட்டி, பாதுகாப்புக் காலணி, விடுதி எல்லாம் இருக்கின்றன. மீனவர் நலவாரிய உறுப்பினர் வீட்டுப் பிள்ளை என்றால் அதன் கல்வி உதவித்தொகையையும் கேளுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் புத்தகத்துக்கு ஆகும்.

6. மாட்யூல்களை நல்ல வரிசையில் எழுதுங்கள்

பாடத்திட்டம் மாட்யூல்களாக இருக்கிறது. 1 கணிதம், 2 இயற்பியல், 3 மின்னியல், 4 மின்னணுவியல், 5 டிஜிட்டல், 6 பொருட்களும் போல்ட் நட்டு வகைகளும், 7 பராமரிப்பு முறைகள், 8 காற்றியக்கவியல், 9 மனிதக் காரணிகள், 10 விமானச் சட்டம். இவை பொதுவானவை. பி1.1-க்கு 11 விமான அமைப்பு, 15 டர்பைன் எஞ்சின், 17 புரொப்பெல்லர். பி2-க்கு 13, 14. எந்தத் தாளை யார் எழுத வேண்டும், யாருக்கு விலக்கு என்பதை அந்தந்த முறை வரும் டி.ஜி.சி.ஏ. அறிவிப்பில் பாருங்கள். சீனியர் சொன்னது அவர் காலத்துக் கதையாக இருக்கும்.

கல்லூரியின் உள்தேர்வு வேறு, டி.ஜி.சி.ஏ. மாட்யூல் தேர்வு வேறு. உள்தேர்வில் நல்ல மார்க் வாங்கிவிட்டு மாட்யூலைத் தள்ளிப் போடுகிறவர்கள் மூன்றாம் வருடத்தில் அழுகிறார்கள். தேர்ச்சிக்கு 75 சதவீதம் வேண்டும். 80 கேள்வி என்றால் 60 சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் கொடுத்திருப்பார்கள், தப்புக்கு மார்க் கழிப்பதில்லை. சராசரியாகக் கேள்விக்கு 75 விநாடி. 35 எடுத்தால் பாஸ் என்று பழகிய பிள்ளைகளுக்கு 74-ல் தோற்பது முதல்முறை பெரிய அடியாக இருக்கும்.

என் வரிசை இது. முதலில் 9, 10. மின்சாரமோ எஞ்சினோ தெரியாமலே படிக்கலாம், தேர்வுக் கூடமும் பழகும். ஆனால் 10-ஐக் கதை மாதிரிப் படிக்கக் கூடாது. "வேண்டும்", "வேண்டியதில்லை" என்ற ஒற்றைச் சொல்லில் விடை மாறும். அடுத்து 3. இதில் அடித்தளம் இல்லாமல் 4, 5, 11 எதிலும் நிற்க முடியாது. அதன்பின் செய்முறை நடக்கும்போதே 6, 7. கையில் ரிவெட்டைப் பிடித்துக்கொண்டு ரிவெட்டைப் பற்றிப் படித்தால் மறக்காது. 11, 15 கடைசியில், நேரம் ஒதுக்கி. பலர் தலைகீழாக, எஞ்சின் ஆசையில் 15-ஐ முதலில் எழுதி விழுகிறார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்படுகிற விஷயம் ஆங்கிலம். நானும் தமிழ்வழிதான். தேர்வும் ஆங்கிலத்தில், பராமரிப்புக் கையேடும் ஆங்கிலத்தில். நல்ல செய்தி என்னவென்றால், இதற்குப் பேச்சு ஆங்கிலம் தேவையில்லை. கையேட்டின் வாக்கியங்கள் குட்டிக் குட்டியானவை, திரும்பத் திரும்ப அதே சில நூறு சொற்கள். ஒரு நோட்டில் தினமும் பத்துச் சொல் எழுதுங்கள். எதிரே தமிழ் அர்த்தத்தை எழுதுவதைவிடச் சின்னதாகப் படம் போடுங்கள். கழற்று, தளர்த்து, பிரி மூன்றும் கையேட்டில் மூன்று தனி வேலைகள். மூன்றையும் "எடு" என்று மனதில் பதித்துக்கொண்ட நண்பன் ஒருவன், தளர்த்த வேண்டிய குழாயைக் கழற்றி ஹைட்ராலிக் எண்ணெயில் குளித்தான். அந்த எண்ணெய் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்பதை அவனைக் கேட்டால் சொல்வான்.

7. கையைப் பழக்குங்கள், பழைய பழக்கத்தைக் கழற்றுங்கள்

சேருவதற்கு முந்தைய கோடையில் பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே படகு ஏறியிருக்கிறதோ அங்கே போய் எஞ்சின் மெக்கானிக் பக்கத்தில் உட்காருங்கள். தடைக்காலத்தில்தான் எஞ்சினை இறக்கிப் பிரித்துப் போடுவார்கள். ஸ்பேனர் அளவு, மரை, கேஸ்கட், பேரிங், வால்வு இடைவெளி எல்லாம் ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். படகின் அடியில் புரொப்பெல்லர் பக்கம் துத்தநாகக் கட்டி ஒன்று வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். நல்ல உலோகத்தைத் தின்னாமல் இந்தக் கட்டியைத் தின்னட்டும் என்று வைப்பது. விமானத்தில் இரும்பு போல்ட்டுக்குக் காட்மியம் பூசுவதற்குப் பின்னால் இருப்பது அதே கணக்கு. மாட்யூல் 6-ல் அரிப்பு என்ற பாடம் வரும்போது சென்னைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். உங்களுக்கு வீட்டு ஜன்னல் கம்பியே போதும்.

ஆனால் படகுப் பட்டறையிலிருந்து வருகிறவர்கள்தான் விமானத்தில் முதலில் தடுமாறுகிறார்கள். கைத்திறமையில் குறை இருக்காது, அளவுக்கு மீறிய நம்பிக்கைதான் சிக்கல். தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், அப்பாவோடு பன்னிரண்டு வயதிலிருந்து எஞ்சின் பிரித்தவன். பயிற்சியில் குழாய் நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, "கரெக்டா இருக்கு சார், கைக்குத் தெரியும்" என்றான். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இறுக்கியிருந்த ஆறு நட்டுகளையும் தளர்த்திவிட்டு, கையேட்டின் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்து, அதன் அளவுத்திருத்தத் தேதியைப் பார்த்து, கையேட்டு எண்ணுக்கு வைத்து, ஆறையும் மறுபடி இறுக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கைக்குத் தெரியும் என்பது அங்கே செல்லாது. கை நாளுக்கு நாள் மாறும், வேறொருவர் கை இன்னும் மாறும்.

கண்ணளவும் அப்படித்தான். 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடம்பு வெளியே போய்த் தொங்க, மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொண்டே தரையிறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்பு கண்ணாடி மாட்டியபோது, பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் புதியதை எடுத்திருந்தார்கள். 90 போல்ட்டில் 84 குறுக்களவில் கொஞ்சம் சின்னவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால், கழற்றிய போல்ட்டைக் காட்டி "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று ஸ்டோரில் கேட்கும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள். பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

போல்ட் தானாகத் தளராமல் இருக்கக் கட்டும் சேஃப்டி வயரைத் தனியாகப் பழகுங்கள். 0.032 அங்குலக் கம்பியை இரண்டு போல்ட் தலைகளின் ஓட்டை வழியாக விட்டு முறுக்க வேண்டும், அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. கம்பி எப்போதும் போல்ட்டை இறுகும் பக்கமாக இழுக்கிற மாதிரி போக வேண்டும். தளரும் பக்கமாகப் போட்டால், அழகாக இருக்கும், பயன் இருக்காது. முதல் மாதம் பத்துக்கு நாலு பேர் இப்படித்தான் போடுவார்கள். முடிவில் மிஞ்சும் வாலை உள்பக்கமாக மடியுங்கள். நீங்கள் மடிக்காமல் விட்ட கம்பிமுனை அடுத்த ஷிப்ட்காரர் கையைக் கிழிக்கும். பழைய சைக்கிள் போல்ட் இரண்டில் ஓட்டை போட்டு ஒரு பலகையில் அடித்துக்கொண்டால் வீட்டிலேயே பழகலாம்.

டூல் கணக்கு. வேலை தொடங்கும்போது எண்ணி எடு, முடியும்போது எண்ணி வை. ஒரு பத்து எம்.எம். சாக்கெட் குறைந்தால் அது கிடைக்கும் வரை விமானம் நகராது. தொலைத்ததை மறைப்பவரை ஹாங்கரில் யாரும் மறுபடி நம்ப மாட்டார்கள், உடனே சொல்பவருக்குத் திட்டு மட்டும்தான் விழும்.

8. லாக்புக்கை அன்றன்றே எழுதி, அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள்

படிப்புக்குப் பிறகான 2 ஆண்டு அனுபவம், பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் செய்த பராமரிப்பாக இருக்க வேண்டும். கல்லூரி ஹாங்கரில் நிற்கும் பழைய விமானம் இந்தக் கணக்குக்கு உதவாது. எனவே விமான நிறுவனத்திலோ, சி.ஏ.ஆர். 145 அங்கீகாரம் உள்ள பராமரிப்பு நிறுவனத்திலோ இடம் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓசூரில் ஏர் வொர்க்ஸ் இருக்கிறது. ஐதராபாத், நாக்பூர், பெங்களூரு, மும்பை, டெல்லி என்று மற்ற இடங்கள். மதுரை விமான நிலையம்தான் நமக்கு அருகில், ஆனால் அங்கே பெரிய ஹாங்கர் வேலை எதிர்பார்க்காதீர்கள். வீட்டை விட்டுத் தூரம் போகத்தான் வேண்டும், இரவு ஷிப்டும் உண்டு. பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் இந்தப் பேச்சை இரண்டாம் ஆண்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு "அவ்வளவு தூரமா?" என்று நிறுத்திய வீடுகள் இருக்கின்றன.

செய்த வேலைகளைப் பதியும் புத்தகம்தான் லாக்புக். அதில் தேதி, விமானத்தின் பதிவு எண், ஏ.டி.ஏ. அத்தியாயம், செய்த வேலை, ஜாப் கார்டு எண், மேற்பார்த்த பொறியாளரின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். ஏ.டி.ஏ. என்பது உலகம் முழுக்க ஒரே மாதிரியான எண் வரிசை. 24 மின்சக்தி, 27 பறப்புக் கட்டுப்பாடு, 29 ஹைட்ராலிக்ஸ், 32 சக்கரத் தொகுதி, 72 எஞ்சின். எந்த விமானத்தின் கையேட்டைத் திறந்தாலும் சக்கரம் 32-ல்தான் இருக்கும்.

இதில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாதக்கடைசியில் உட்கார்ந்து எழுதுவது முதல் தவறு. எண் மறந்துபோய் ஊகித்து எழுதுவீர்கள். அன்று ஹாங்கரிலேயே இல்லாத விமானத்தில் நீங்கள் வேலை செய்ததாக ஆகிவிடும், சரிபார்க்கிறவர் அதைக் கண்டுபிடித்தால் புத்தகம் முழுக்கச் சந்தேகம். இரண்டாவது, ஒரே வேலை. டயர் மாற்றியே ஆறு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை எந்தெந்த அத்தியாயம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, சூபர்வைசரிடம் "அண்ணே, எனக்கு 27-ல ஒண்ணுமே இல்ல, அடுத்த தடவை என்னையும் கூப்பிடுங்க" என்று கேளுங்கள். கேட்காதவரைக் கூப்பிட மாட்டார்கள். மூன்றாவது, கையெழுத்தைப் பிறகு வாங்கலாம் என்று விடுவது. அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், துபாய்க்கே போய்விடுவார்.

9. லைசென்ஸுக்கு விண்ணப்பித்தல்

இது சின்ன வேலை, முந்தையவை சரியாக இருந்தால். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மாட்யூல் முடிவுகள், படிப்புச் சான்று, அனுபவச் சான்று, லாக்புக், மருத்துவச் சான்று, அடையாளக் காகிதங்கள் எல்லாவற்றையும் டி.ஜி.சி.ஏ.வின் இ.ஜி.சி.ஏ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் அவசரமாக எடுத்த மங்கலான நகலால் திரும்பி வந்த விண்ணப்பங்கள் பல.

விமான நிலையத்துக்குள் வேலை செய்ய, சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு வழங்கும் நுழைவு அட்டை வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. ஊர்த் தகராறில் பெயர் சேர்ந்துவிட்டால் அது இங்கே வந்து நிற்கும். ஆதார் முகவரியும் நீங்கள் குடியிருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் விசாரணை இழுக்கும்.

10. லைசென்ஸுக்குப் பிறகு டைப் ரேட்டிங்

லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்ததும் மாமா வீட்டில் எல்லாம் சொல்லிவிடுவார்கள், "பையன் கையெழுத்துப் போட்டாத்தான் பிளேன் போகும்" என்று. இன்னும் இல்லை. ஏ320, போயிங் 737 மாதிரி பெரிய விமானம் என்றால் அந்தந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி, தேர்வு, செய்முறை முடித்து லைசென்ஸில் அதைப் பதிய வேண்டும். அப்புறம் நிறுவனமும் தன் பங்குக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். இதைச் சொந்தக் காசில் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். எந்த நிறுவனத்தில் இருக்கிறீர்களோ அவர்களிடம் என்ன ரகம் ஓடுகிறது என்று பார்த்து, அவர்களே அனுப்பும் வரை ஒரு வருடம் பொறுப்பது பெரும்பாலும் லாபம். கடன் வாங்கி ஒரு ரகத்தை எடுத்துவிட்டு, அந்த ரகம் இல்லாத கம்பெனியில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பதிந்துவிட்டாலும், முந்தைய 24 மாதத்தில் 6 மாதமாவது பராமரிப்பு வேலை செய்திருந்தால்தான் அந்த உரிமை செல்லும். இடையில் வேலையை விட்டு ஊரில் இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வி வளைகுடா. இந்திய லைசென்ஸ் அங்கே அப்படியே செல்லாது. அந்தந்த நாட்டு விதிப்படி மறுபடி மாட்யூல்களோ சரிபார்ப்போ இருக்கும். அவர்கள் கேட்பதும் செய்த வேலையின் விவரம்தான். ஆகவே ஒரு நிறுவனத்தை விட்டுக் கிளம்பும் நாளில், எந்த விமானத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பிரிவில் வேலை செய்தீர்கள் என்று எழுதிய கடிதத்தை முத்திரையோடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கடைசிச் சம்பளத்துக்கு முன்னால் கேட்டால் ஒரு வாரத்தில் கிடைக்கும். ஊருக்கு வந்தபின் கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.